பெயர் சொல்ல வேண்டிய வேளை

மூன்று புறமும் குன்றுகள் முதுகு காட்டி அமர்ந்திருக்க, நான்காம் புறத்தே சாம்பல் நிறக் கடல் கரையை ஓயாது கடிந்துகொண்டிருக்க, இடையே ஈரம் சொட்டக் கிடந்தது காமகூரா. பகைவர் எளிதில் நுழையலாகாது என்று முன்னாளில் வில்லாண்ட தலைவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் அது. குன்றுகளைப் பிளந்து, ஒருவர் பின் ஒருவராய் மட்டுமே புகத்தக்க இடுக்கு வழிகளை அவர்கள் அமைத்தார்கள். போரில் மாண்டவர்களின் நினைவு தம்மை உறங்கவிடாதபோது, அதே குன்றுகளின் மடிகளில் புத்தர்க்குக் கோயில்கள் எடுத்தார்கள். ஆண்டோர் மண்ணாயினர்; கோயில்கள் நின்றன. இந்நாளிலோ, கோடைமழை தொடங்கி அசிசாய் மலர்கள் நீலமும் ஊதாவுமாய் மலைச்சரிவெங்கும் கொத்துக்கொத்தாய் விரியும் பருவத்தில், குடையும் நிழற்படக் கருவியும் ஏந்திய பெரும்படையொன்று விடுமுறை நாள்தோறும் எதிர்ப்பாரின்றி அவ்வூருக்குள் புகுந்து, தெருக்களை மிதித்து, தின்பண்டக் கடைகளைத் துடைத்து, மாலையில் வெற்றி பெற்றதுபோல் மீள்கின்றது. ஊராரோ கதவிடுக்கு வழியே அப்படையைப் பார்த்து, வாய்க்குள் ஏதோ சொல்லி, கதவைச் சாத்துகின்றார்கள்.

அத்தகையதொரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வானம் முக்காடிட்டுக் கதிரவனை மறைத்திருந்த வேளையில், யோகோஹாமாவிலிருந்து வந்த தொடர்வண்டியிலிருந்து முதியோர் பத்துப் பன்னிருவர் இறங்கினர். ‘மழைநாணல்’ என்னும் பாவரங்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஐந்து, ஏழு, ஐந்து எனப் பதினேழே அசைகளில் ஒரு பருவத்தையும் ஓர் உள்ளத்தையும் அடைத்துவிடும் ஹைக்கூ என்னும் மூவடிப்பாவைத் தம் முதுமையின் துணையாகக் கொண்டவர்கள். ஊர் ஊராய் நடந்து, கண்டதைப் பாவாக்கி, மாலையில் ஒருங்கமர்ந்து, இன்னார் எழுதியது என்று அறியாமலே நல்லதைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வழக்கம். அவ்வரங்கைத் தோற்றுவித்த ஆசான் சென்ற பனிக்காலத்தில் மறைந்தார். மறையுமுன் அவர் சொன்னது ஒன்றே: “எனக்குப் பிறகு நீங்க போற முதல் பயணத்துல யாரு பாட்டை நிறையப் பேரு எடுக்கறாங்களோ, அவங்க என் இடத்துல உக்காரட்டும். சண்டை வேண்டாம்.” சண்டை வேண்டாம் என்று அவர் சொன்ன சொல்லே சண்டைக்கு நாள் குறித்த சொல்லாயிற்று.

அவ்விடத்துக்கு உரியவர் இருவரே என்பதை அரங்கத்தார் அனைவரும் அறிவர். ஒருத்தி கினுகோ; மெலிந்து உயர்ந்த, பேச்சில் சுருக்கமும் பார்வையில் கூர்மையும் உடைய கைம்பெண். மற்றொருத்தி தமாயே, உருண்ட முகமும், எவரையும் தன்பக்கம் ஈர்க்கும் மென்குரலும், அம்மென்குரலுக்குள் உறையிலிட்ட கத்தியும் உடையவள். இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். ஒருகாலத்தில் ஒரே குடையில் நடந்து, ஒரே கிண்ணத்தில் உண்டு, ஒருவரையொருவர் ‘வாடி, போடி’ என்று அழைத்தவர்கள். இப்போதோ ‘வாங்க, போங்க’ என்றே விளித்துக்கொண்டனர். உயர்ந்தோரிடத்துப் பணிவைக் காட்டும் அச்சொற்கள், தோழமையின் இடத்தில் வந்து நிற்கும்போது எத்துணைக் கொடியவை என்பதை, அவ்வாறு அழைக்கப்பட்டவர் மட்டுமே அறிவர்.

ஊருக்குள் செல்லும் சிறு தொடர்வண்டியோ, வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டும், உலர்த்திய துணிகளுக்கு வழிவிட்டுக்கொண்டும் ஊர்வது. அன்று அதில் மூச்சு விடவும் இடமில்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரும் பயண ஏற்பாட்டாளருமாகிய மொரிவாகி, தம் கூட்டத்தாரை அரிசி மூட்டைகளைப்போல் உள்ளே திணித்தார். கதவருகே ஊன்றுகோலுடன் நின்ற உள்ளூர் மூதாட்டி ஒருத்தி அவர்களை மேலும் கீழுமாய் நோக்கினாள்.

“பூ பாக்க வந்தீங்களாக்கும்? பூ எங்கயும் ஓடிப்போகாது. என் முழங்கால் டாக்டர் பன்னெண்டு மணிக்கு ஓடிப்போயிடுவாரு. கொஞ்சம் தள்ளுங்க.”

“மன்னிச்சுக்கங்கம்மா. நாங்க பாட்டுக் கட்ட வந்தவங்க,” என்றார் மொரிவாகி, தொப்பியைக் கழற்றி.

“அப்படியா? அடுத்தவங்க கால்ல மிதிக்காத பாட்டா ஒண்ணு கட்டுங்க பாப்போம்.”

கூட்டம் நகைத்தது. நெரிசலின் அலை தள்ளியதில், கினுகோவும் தமாயேயும் ஒரே கம்பியைப் பற்றி, ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படுமாறு எதிரெதிரே நிற்கும்படி ஆயிற்று. விலக இடமில்லாதபோது பகைவர்க்குச் சொற்களே படைக்கலமாகின்றன.

“தலைமை உங்களுக்குத்தான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க, கினுகோம்மா. முன்னாடியே வாழ்த்திடறேன்,” என்றாள் தமாயே.

“எனக்கு எதுக்குங்க? அடுத்தவங்க வீட்டு அடுப்புல சோறாக்கத் தெரிஞ்சவங்க இருக்கும்போது.”

தமாயே புன்னகை மாறாமல் சொன்னாள்: “சாப்பிட்டவங்க யாரும் அடுப்பு யாரோடதுன்னு கேக்கலைங்களே.”

இச்சொற்களின் அடியில் கிடந்த புண்ணை, கற்றறிந்த நெஞ்சினராகிய உங்களுக்கு நான் மறைக்கலாகாது. கினுகோ தன் இளமையில் ஒரு மகவைச் சுமந்தாள். அது உயிரின்றியே பிறந்தது. தாய் கண்டால் தாங்கமாட்டாள் என்று கருதிய மருத்துவமனையார், அம்மகவின் முகத்தை அவளுக்குக் காட்டாமலே எடுத்துச் சென்றனர். பிறக்கப்போகும் தலைக்கென்று பாதி பின்னிக் கிடந்த கம்பளித் தொப்பியை, வீடு திரும்பியவள் பின்னி முடித்தாள். காமகூராவின் ஹாசே கோயிலுக்குத் தனியே வந்து, குழந்தைகளின் காவலராகிய ஜிசோவின் சிறுகல்லுரு ஒன்றின் தலையில் அதை அணிவித்தாள். அணிவிக்கும்போது, அத்தொப்பி தன் குழந்தைக்குப் பொருந்தியிருக்குமா என்பதைக்கூடத் தான் அறியவில்லையே, அத்தலையின் அளவை எவரும் தனக்குச் சொல்லவில்லையே என்று எண்ணி, அங்கேயே அமர்ந்துவிட்டாள். கணவன் இறந்தபின் இதனை அறிந்தவர் உலகில் எவருமில்லை. பல்லாண்டு கழிந்தபின், ஒரு மழைநாளில், தோழி என்று நம்பித் தமாயேயிடம் மட்டும் சொன்னாள். இரண்டு திங்கள் சென்று, நாடெங்கும் செல்லும் நாளிதழ் ஒன்றில், முதற்பரிசு பெற்ற பாவாக அது வந்தது:

*கல் மதலைக்கும்*
*பின்னி முடித்த தொப்பி;*
*அளவு யாதோ?*

கீழே தமாயேயின் பெயர் இருந்தது. அன்று அறுந்தது நட்பு. ஆயினும் இருவரும் அரங்கை விட்டு நீங்கவில்லை. நீங்குபவர் தோற்றவராவர் என்று இருவருமே எண்ணினர். கினுகோ எவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால், திருடப்பட்ட பொருளை ஊர் நடுவே விரித்துக் காட்ட வேண்டுமே!

கடற்கரையில் நண்பகல் உணவுக்கு அமர்ந்தனர். ‘பருந்துகள் உணவைப் பறிக்கும், எச்சரிக்கை’ என்று பலகையொன்று மணலில் நின்றது. வானத்தில் அப்பருந்துகள் அகன்ற சிறகை அசைக்காமல், கீழே நிகழ்வதில் தமக்கொரு பங்கும் இல்லை என்பதுபோல் வட்டமிட்டன. “கூரைக்குக் கீழே போயிடலாமே,” என்று மொரிவாகி சொல்லியும், “கடலைப் பாக்காம சாப்பிடறதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே,” என்று தமாயே மணலில் விரிப்பை விரித்தாள். உப்பிட்ட பிளம் காயைப் பொதிந்த சோற்றுருண்டையை அவள் வாயருகே கொண்டு சென்ற கணத்தில், பின்னாலிருந்து ஒரு நிழல் பாய்ந்தது. சிறகின் அறை கன்னத்தில் விழ, உகிர் விரலைக் கீற, உருண்டை வானேறிற்று. அவள் அலறி மல்லாந்தாள். விரலிலிருந்து குருதி மணலில் சொட்டியது.

எல்லாரும் திகைத்திருந்த அந்நொடியில் ஒரு சிரிப்பொலி எழுந்தது. சிரித்தவள் கினுகோ.

“பாவங்க அந்தப் பருந்து,” என்றாள் அவள். “அதுக்கும் அடுத்தவங்க கையிலேர்ந்துதான் எடுக்கத் தெரியும் போல.”

விவரம் அறியாதார் சிலரும் உடன் சிரித்தனர். அரங்கத்தில் வாய் ஓயாதவளும் மனத்தில் கள்ளமில்லாதவளுமாகிய இக்குயோ, “சிரிக்காதீங்க, ரத்தம் வருது! யார்கிட்டயாவது பிளாஸ்திரி இருக்கா?” என்று கூவினாள். கினுகோவின் பையில் அது இருந்தது. வெளியூர் செல்லும்போதெல்லாம் அவள் மறவாமல் எடுத்துச் செல்வது அது. அவள் கை பைக்குள் சென்றது. அதன் சிறு பெட்டியைத் தொட்டது. தொட்டு, சிறிது தயங்கி, விசிறியுடன் வெளியே வந்தது. விசிறியை விரித்து அவள் தன் முகத்துக்கே வீசிக்கொண்டாள். பெருங்கொடுமைகளுக்கு அஞ்சும் மாந்தர் இத்தகைய சிறுகொடுமைகளைச் செய்யும்போது எத்துணை அமைதியாக இருக்கின்றனர்! தமாயே தன் கைக்குட்டையைக் கிழித்துத் தானே விரலைக் கட்டிக்கொண்டாள். கட்டும்போது கினுகோவின் பையையும் முகத்தையும் ஒருமுறை நோக்கினாள். அவர்கள் பலமுறை உடன் பயணம் செய்தவர்கள். அப்பையில் என்னென்ன இருக்கும் என்பதை அவள் அறிவாள்.

பின்னர் ஹாசே கோயிலை அடைந்தனர். பொன் பூசிய நெடிய மரத்திருமேனியில், பல முகங்களும் ஒருசேர உலகை நோக்க நிற்கும் அருளன்னை கன்னோன் உள்ளே இருளில் இருந்தாள்; வெளியே, குடையும் குடையும் மோதும் கூட்டத்தை நோக்கி, “நிக்காதீங்க, நடந்துக்கிட்டே பாருங்க! படம் எடுக்கறவங்க ஓரமா எடுங்க!” என்று ஒலிபெருக்கியில் ஒருவன் அதட்டிக்கொண்டிருந்தான். சரிவின் நடுவே, படிப்படியாய், ஒரு சாண் உயரமுள்ள ஜிசோ உருவங்கள் எண்ணிலவாய் நின்றன. மழையில் நனைந்து, பாசி பிடித்து, தோளோடு தோள் உரச, பள்ளி செல்ல வரிசையில் நிற்கும் சிறுவர்களைப்போல் அவை நின்றன. சிலவற்றின் கழுத்தில் சிவப்புத்துணி, சிலவற்றின் காலடியில் காற்றாடி, ஒன்றிரண்டின் தலையில் சாயம் வெளுத்த கம்பளித் தொப்பி.

இக்குயோ அங்கே நின்றுவிட்டாள். “தமாயேம்மா, இங்கதானே உங்க தொப்பிப் பாட்டு பொறந்தது? அதைப் படிச்சப்போ நான் சமையக்கட்டுல உக்காந்து அழுதுட்டேங்க. அடுப்புல வெச்ச சாறெல்லாம் பொங்கிப் போச்சு. பெத்து இழந்தவளுக்குத்தான் அப்படி வரும். நாங்க எழுதினா வருமா?”

கூட்டத்தார் தலைதாழ்த்தி நின்றனர். தமாயே மறுத்திருக்கலாம். “அது எனக்கு நடந்ததில்லை” என்னும் ஒரு சொல் போதும். அவளோ கட்டிய விரலை மற்றொரு கையால் மூடிக்கொண்டு, “அதெல்லாம் பழைய கதைங்க,” என்று மெல்லச் சொல்லி, கல்மதலைகளின் முன் கைகூப்பிக் குனிந்தாள்.

பின்னே நின்ற கினுகோ இதைக் கேட்டாள். அவள் முன் வந்து, தமாயேக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

“நல்லாக் கும்பிடுங்க. அதுங்களுக்காவது உங்களை அடையாளம் தெரியணும் இல்லையா?”

தமாயேயின் கூப்பிய கைகள் அப்படியே நின்றன. நிமிர்ந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. “என்ன சொன்னீங்க?” என்றாள்; கினுகோவோ அதற்குள் அசிசாய்ப் பாதையில் ஏறத் தொடங்கிவிட்டாள்.

அச்சொல்லின் நஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் கூறிவிடுகின்றேன். தன் கணவர் வீட்டில் தோட்டம் போடுகின்றார், வெள்ளரி காய்த்துத் தொங்குகின்றது, தக்காளியைக் காக்கை கொத்துகின்றது என்று தமாயே அரங்கத்தாரிடம் ஓயாது சொல்லிவந்தாள். ஆனால் கினுகோ, நோயுற்ற தன் தமக்கையைக் காண முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, பாதி திறந்த கதவின் வழியே ஒரு காட்சியைக் கண்டாள். சாளரத்தருகே ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அவர் முன் தமாயே முழந்தாளிட்டு, தலைவணங்கி, “நான் தமாயே. உங்க வீட்டுக்காரி,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்முதியவரும் புதியவரை வரவேற்கும் பண்புடன் வணங்கி, “அப்படிங்களா? ரொம்ப மகிழ்ச்சிங்க. எங்கேர்ந்து வர்றீங்க?” என்று கேட்டார். கினுகோ ஓசையின்றி அகன்றாள். அன்று முதல் அக்காட்சியை, உறையிலிட்டு இடுப்பில் செருகிய குறுவாளைப்போல், உரிய நாளை நோக்கிச் சுமந்து வந்தாள்.

அந்நாள் இதுவாயிற்று. இருமருங்கும் மழைத்துளி ஏந்திய மலர்க்கொத்துகள் தோளில் இடிக்க, கீழே கடல் ஈயத்தகடாய் விரிந்து கிடக்க, பின்னால் வருவோர் தள்ள, அவள் சினத்தோடு ஏறினாள். ஏற ஏறச் சொற்களைத் தேடினாள். நாளுக்கொரு நிறம் கொள்ளும் அம்மலரை அக்காட்சியின் அருகே வைத்தாள்; ஒரு சொல்லை நீக்கினாள்; ‘மனைவி’ என்பதைக் களைந்து, ‘பெயர்’ என்பதைக் கொணர்ந்தாள். அவ்வாறு வைத்தும் எடுத்தும் நின்றபோது, விந்தையொன்று நிகழ்ந்தது. சினம் எங்கோ போய்விட்டது. தமாயேயும் இல்லை, தொப்பியும் இல்லை; சொல்லும் சொல்லும் தம் இடம் தேடிப் பொருந்தும் இன்பம் ஒன்றே இருந்தது. பா முடிந்தபோது அவள் தன்னையறியாமல் முறுவலித்தாள். பின்னரே அது யாரைக் கொல்லச் செய்த அம்பு என்பது நினைவுக்கு வந்தது. அவள் அதைத் தாளில் எழுதி மடித்தாள்.

கோயிலுக்கு அணித்தான சிறுமடம் ஒன்றின் பின்கட்டில், பாய் விரித்த கூடம் ஒன்று அவர்களுக்கென வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்தது. அவரவர் பாவை ஒரு பெட்டியில் இட்டனர். கையெழுத்தால் ஆளை அறியாவண்ணம் அவற்றைக் கலைத்து, ஒருவர் பாவை மற்றொருவர் படியெடுத்தனர். அனைவரும் எல்லாப் பாக்களையும் படித்து, தமக்குச் சிறந்ததைத் தேர்ந்து, ஒவ்வொருவராய் உரத்துப் படிக்க வேண்டும். தேர்வுகள் முடிந்தபின் ஏற்பாட்டாளர் உடையவரைக் கேட்பார். கேட்டதும் பாவுக்குரியவர் தம் பெயரைத் தாமே உரத்துச் சொல்ல வேண்டும். பெருமையாயினும் இழிவாயினும் பெயர் சொல்லாமல் எழுந்துபோக எவர்க்கும் உரிமையில்லை. அது ஆசான் விதித்த விதி.

முதலில் படித்தவர் மொரிவாகி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

*அசிசாய் பூக்கும்;*
*இன்றும் தன் பெயர் சொல்வாள்*
*தன் கணவர்க்கே.*

“என் அம்மா கடைசியில இப்படித்தான் இருந்தாங்க,” என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி. அடுத்தவரும் அதையே படித்தார். இக்குயோ அதைப் படிக்கத் தொடங்கி, இரண்டாம் அடியில் குரல் உடைந்து நிறுத்தினாள். வேறு பாக்களும் இடையிடையே வந்தன. கடலைப் பற்றி ஒன்று, முழங்கால் மருத்துவரைப் பற்றி ஒன்று. அசிசாய்ப் பா மீண்டும் ஒலித்து, அவற்றுக்கு எழுந்த சிரிப்பையும் அடக்கிற்று. ஒவ்வொரு முறை அது ஒலித்தபோதும் கினுகோ தமாயேயை நோக்கினாள். அவள் எழுந்து ஓடுவாள், அல்லது அழுவாள், அல்லது முகத்தை மூடுவாள் என்று காத்திருந்தாள். தமாயேயோ கட்டிய விரலை மடிமேல் வைத்து, கல்லுருவம்போல் அமர்ந்திருந்தாள்.

இறுதியில் அவள் முறை வந்தது. அவள் தாளை எடுத்தாள். தெளிந்த குரலில், ஓர் அசையும் தளராமல், அதே பாவைப் படித்தாள். படித்து முடித்து, “இதுதான் என் தேர்வு. இன்னிக்கு வந்ததுல இதுக்குப் பக்கத்துல நிக்க ஒண்ணும் இல்லை,” என்று தாளைக் கீழே வைத்தாள்.

“இந்தப் பாட்டு யாரோடது? பேரைச் சொல்லுங்க,” என்றார் மொரிவாகி, மகிழ்ச்சியோடு கூட்டத்தை நோக்கி.

கினுகோ எத்தனையோ நாள் கனவு கண்ட வேளை அது. அவள் வாய் திறந்தாள். பெயர் வெளிவரவில்லை. எல்லாரும் சுற்றுமுற்றும் நோக்கினர். தமாயே ஒருத்தி மட்டும் நேரே அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரைச் சொல்லுங்க,” என்றாள் தமாயேயும்.

“கினுகோ,” என்றாள் அவள். அது வேறு எவருடைய பெயரோபோல் கூடத்தில் விழுந்தது.

கைதட்டல் எழுந்தது; எழுந்த கைகள் பாதியில் நின்றன. தமாயே நிமிர்ந்து அமர்ந்து பேசத் தொடங்கியிருந்தாள்.

“எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். இந்தப் பாட்டுல இருக்கறவ நான்தான். எங்க வீட்டுக்காரரு தோட்டம் ஒண்ணும் போடலை. நான் யாருன்னே அவருக்குத் தெரியாது. நேத்தும் பேரு சொல்லிட்டுத்தான் வந்தேன். வெள்ளரிக்காயெல்லாம் நான் கடையில வாங்கினது.” அவள் மூச்சு வாங்கினாள். “அந்தத் தொப்பிப் பாட்டுல இருக்கறவ நான் இல்லை. எனக்குப் பிள்ளையே உண்டானதில்லை. அந்தக் குழந்தை கினுகோவோடது. தொப்பியும் அவ பின்னினது. மொகத்தைக்கூட அவளுக்குக் காட்டலையாம்.”

பல்லாண்டுகள் எச்சொல்லுக்காகக் கினுகோ ஏங்கினாளோ, அச்சொல் அங்கே வெளிவந்தது. வந்தபோது அது நீதியாக இல்லை. ஊர் நடுவே ஆடை உரியப்பட்டதாக இருந்தது. எல்லாக் கண்களும் இரக்கத்தோடு தன்மேல் திரும்புவதை அவள் கண்டாள். அவ்விரக்கத்தைப் பொறுக்கமாட்டாமலன்றோ இத்தனை ஆண்டு வாய் மூடியிருந்தாள்!

“யாரைக் கேட்டுடி சொன்னே?” என்று அவள் எழுந்து நின்று கத்தினாள்.

“நீ யாரைக் கேட்டுடி எழுதினே?”

இருவருமே எழுந்து நின்றனர். நெடுநாள் வழக்கிறந்து கிடந்த ‘நீ’ என்னும் சொல், பகையின் வாயிலாகவே அவர்களிடம் மீண்டு வந்தது. ஒருவரும் குறுக்கிடவில்லை. இக்குயோ மட்டும், தன் கண்ணீர் இப்போது யாருக்கு உரியது என்று தெளியாமல், இருவரையும் மாறி மாறி நோக்கி விம்மினாள். மொரிவாகி நெடுநேரம் தாள்களை அடுக்கினார். பின்பு தரையை நோக்கியபடி, ஆசானின் சொற்படி கினுகோவே இனித் தலைவி என்று அறிவித்தார். வாழ்த்த எழுந்தவர் எவருமிலர். தேநீர் ஆறிற்று. மருந்து வேளை, பெயரன் பிறந்தநாள், இடுப்புவலி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, முன்னே புறப்பட்ட வண்டியிலேயே பெரும்பாலார் சென்றுவிட்டனர்.

பொழுது சாயும் நேரத்தில், கூட்டம் வடிந்துகொண்டிருந்த நிலைய மேடையில் அவ்விருவருமே எஞ்சினர். அது நட்பினால் நேர்ந்ததன்று. மற்றவர்களோடு செல்ல இருவருக்குமே முகமில்லாமற் போனதால் நேர்ந்தது. மேடையின் இரு முனைகளில் நின்றனர். குன்றுகளின் மேல் மேகம் கருகிற்று. எங்கோ ஒரு கோயிலின் மணி முழங்கி, அதன் ஒலி ஈரக்காற்றில் நெடுநேரம் தேங்கி நின்றது. கினுகோ மேடையின் நீளம் முழுதும் நடந்து சென்று தமாயேயின் முன் நின்றாள்.

“என்னுதுன்னு தெரிஞ்சுதானே எடுத்தே?”

“ரெண்டாவது அடியிலயே தெரிஞ்சுது. கோயில்ல நீ சொன்ன வார்த்தை போதாதா?”

“அப்புறம் ஏன் எடுத்தே? பெரிய மனுஷின்னு காட்டிக்கவா?”

“நல்லா இருந்துது. அவ்வளவுதான்.” தமாயே தண்டவாளத்தைப் பார்த்தபடி பேசினாள். “மோசமா இருந்திருந்தா அங்கேயே உன்னைக் கொன்னிருப்பேன். என் வீட்டுக்காரரை எடுத்து மோசமா ஒரு பாட்டு எழுதியிருந்தா, அதை மட்டும் மன்னிச்சிருக்க மாட்டேன்.”

“உன் தொப்பிப் பாட்டும் நல்லாத்தான் இருந்துது,” என்றாள் கினுகோ, பற்களுக்கு இடையே. “அதனாலதான் என்னால பொறுக்க முடியலை. அதைவிட நல்லா என்னாலயே எழுத முடியலை. எத்தனை தடவை உக்காந்தேன் தெரியுமா?”

தமாயே மன்னிப்புக் கேட்கவில்லை. தொலைவில் வண்டியின் விளக்கு தோன்றிற்று. கினுகோ, கேட்கலாகாது என்று எண்ணியதையே கேட்டாள்:

“அவரு உன்னை ஒரு தடவையாச்சும் பேரு சொல்லிக் கூப்பிடறாரா?”

“கூப்பிடறாராம். தூக்கத்துல. நர்ஸம்மா சொன்னாங்க. ‘தமாயே, தமாயே’ன்னு கூப்பிடறாராம்.” அவள் குரல் அப்போதும் நடுங்கவில்லை. “நான் ஓடிப்போய் நின்னா முழிச்சுக்கறாரு. முழிச்சா நான் யாருன்னு கேக்கறாரு.”

வண்டி வந்து நின்றது. தமாயே ஏறுமுன் திரும்பினாள். அந்நாள் முழுதும் அவள் முகத்தில் இல்லாத வெறுப்பு, அப்போதுதான் முழுமையாய் மலர்ந்திருந்தது.

“என்ன பாக்கறே? இதையும் எழுதிக்கோ, தலைவியம்மா.”

அவள் ஒரு பெட்டியில் ஏற, கினுகோ மற்றொரு பெட்டியில் ஏறினாள். சாளரத்தின் அருகே அமர்ந்த கினுகோ, அச்சொற்களை மறக்க விழைந்து கண்ணை மூடினாள். ஆனால் மடிமேல் கிடந்த அவள் விரல்கள், பா கட்டுவோர் அனைவர்க்கும் உள்ள பழக்கத்தால், அவளைக் கேளாமலே ஒவ்வொன்றாய் மடங்கத் தொடங்கின. ஐந்து, பின் ஏழு. அவள் கையை இறுக மூடினாள். மூடிய கைக்குள்ளும் எண்ணிக்கை நின்றபாடில்லை. ஊர் எல்லையைக் கடக்குமுன், உறங்கும் ஒருவன் அழைக்க, விழித்த அவனை ஒருத்தி இழக்கும் அக்கொடுமை முழுதும், மூன்றடிக்குள், ஓர் அசை மிகாமலும் குறையாமலும் வந்து அமர்ந்துவிட்டது. அது அழகாக இருந்தது. அதனினும் அழகானதை அவள் தன் வாழ்நாளில் கட்டியதில்லை.

கினுகோ பல்லாண்டு அவ்வரங்கை நடத்தினாள். தமாயேயும் திங்கள்தோறும் தவறாது வந்து, எதிர்மூலையில் அமர்ந்தாள். கினுகோவின் பாக்களைப் புறக்கணித்தாள்; அவை நல்லனவாக இருந்த நாட்களில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தேர்ந்தெடுத்தாள். அவர்கள் மீண்டும் ஒரு குடையில் நடக்கவில்லை. பிறர் துயரைக் கவர்தல் தீது என்பதை அறியாதார் எவருமிலர். அத்துயர் ஒளி வீசும் சொல்லாகிக் கைக்குள் வந்து விழும்போது, அதைக் கீழே விட்டு நடப்பவரே அரியர். கினுகோவின் பாக்கள் தொகுக்கப்பட்டு நூலாயின. கற்றோர் அவற்றைப் போற்றினர். அவள் கட்டியவற்றுள் தலைசிறந்தது மட்டும் அந்நூலில் இல்லை, வேறு எந்த ஏட்டிலும் இல்லை. அவளோடு சேர்ந்து அதுவும் ஒருநாள் சாம்பலாயிற்று.